ஒருவர் மட்டும் வராவிட்டால், ஓர் ஊரை மட்டும் விட்டுவிட்டால்: பயணக் காப்பீடு எவ்வளவு தரும்? கேள்வி – பதில்

இந்தியாவில் வாங்கப்படும் வெளிநாட்டுப் பயண பாலிசிகளை வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். உங்கள் கையில் உள்ள பாலிசி என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்து எந்த வரியைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பயணத்தின் ஒரு பகுதியை மட்டும் ரத்து செய்தால் பாலிசி பணம் தருமா?

தரும், காரணம் பாலிசியின் பட்டியலில் இருந்தால். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் ‘பகுதி ரத்து’ என்று தனிப் பிரிவே கிடையாது. கிளம்புவதற்கு முன் நின்றுபோனால் ‘டிரிப் கேன்சலேஷன்’. கிளம்பிய பிறகு சுருக்கிக்கொண்டால் ‘கர்ட்டெயில்மென்ட்’ அல்லது ‘இன்டரப்ஷன்’. உங்களுக்கு நேர்ந்ததை இந்த இரண்டில் ஒன்றுக்குள் பொருத்தித்தான் கிளைம் எழுத வேண்டும்.

நடைமுறையில் மூன்று விதமாக வரும். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் நின்றுவிடுவது. எல்லோரும் போகிறார்கள், நடுவில் ஓர் ஊரோ நாடோ மட்டும் கழிவது. போன இடத்திலிருந்து பாதியில் திரும்புவது. மூன்றிலும் காப்பீட்டு நிறுவனம் கேட்பது ஒரே விஷயம்: எந்த நபரின் பெயரில், எந்தத் தேதிக்காக, முன்கூட்டியே கட்டி, திரும்பப் பெற முடியாமல் போன தொகை எவ்வளவு? இதைக் காகிதத்தில் பிரித்துக் காட்ட முடிந்தவருக்குப் பணம் வரும். மொத்தமாக ஒரே பில் வைத்திருப்பவர் திண்டாடுவார்.

விசாவுக்காக எடுத்த பாலிசி இருக்கிறது. அது போதாதா?

பெரும்பாலும் போதாது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படுவது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு: அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, தாயகம் திருப்பி அனுப்பும் செலவு, மரணம். பயண ரத்துக்கான காப்பீடு அந்த விதியில் இல்லை. அதனால் ‘விசாவுக்குச் செல்லும்’ என்று விற்கப்படும் மலிவான திட்டத்தில் ரத்துப் பிரிவே இல்லாமல் போகலாம்.

பாலிசி ஷெட்யூலில், அதாவது உங்கள் பெயரும் தொகைகளும் அச்சான முதல் ஒன்றிரண்டு பக்கங்களில், டிரிப் கேன்சலேஷன் என்ற வரியும் அதற்கு எதிரே ஒரு டாலர் தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள். தொகை இல்லையென்றால் காப்பீடு இல்லை. விளம்பரத் துண்டில் ‘2,50,000 டாலர்’ என்று பெரிதாக இருப்பது மருத்துவத்துக்கான உச்சவரம்பு. ரத்துக்கான வரம்பு சில நூறு டாலரிலேயே நின்றுவிடும் திட்டங்கள் நிறைய.

எப்போது வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ரத்துக் காப்பீடு பாலிசி வாங்கிய பிறகுதான் உயிர்பெறும். டிக்கெட்டை ஜனவரியில் எடுத்து, பாலிசியை மே மாதம் கிளம்புவதற்கு முதல் நாள் வாங்கினால், நடுவில் உள்ள நான்கு மாதமும் வெறுங்கையோடு இருக்கிறீர்கள். திரும்பக் கிடைக்காத முதல் பணத்தைக் கட்டும் வாரத்திலேயே பாலிசியையும் வாங்குங்கள்.

குடும்பத்தில் பாட்டிக்கு மட்டும் உடம்புக்கு முடியவில்லை, மற்றவர்கள் போகிறார்கள். கணக்கு எப்படி வரும்?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. சென்னையிலிருந்து ஜூரிக், அங்கிருந்து ரோம். கிளம்ப 12 நாள் இருக்கும்போது பாட்டி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்.

பாட்டியின் விமான டிக்கெட் 78,000 ரூபாய். விமான நிறுவனம் திருப்பித் தந்தது 21,000. நஷ்டம் 57,000. அருங்காட்சியகம், மலை ரயில் போன்ற முன்பதிவுகளில் அவர் பங்கு 3,500, திரும்பக் கிடைக்காது. ஹோட்டலில் இரண்டு அறை. பாட்டியும் பேத்தியும் ஒன்றில். பேத்தி போகிறாள், அறை பயன்படுகிறது, எனவே நஷ்டம் பூஜ்யம். ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்று ஹோட்டல் பில்லை வகுத்துக் கேட்டால் அந்த வரி அப்படியே வெட்டப்படும்.

மொத்த நஷ்டம் 60,500. பாலிசியில் ரத்துக்கு 500 டாலர் வரம்பு, 50 டாலர் டிடக்டிபிள் (நஷ்டத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக டாலருக்கு 90 ரூபாய் என்றால் வரம்பு 45,000; டிடக்டிபிள் 4,500. நஷ்டத்திலிருந்து டிடக்டிபிளைக் கழித்தால் 56,000. அது வரம்பைத் தாண்டுவதால் கைக்கு வருவது 45,000. சில பாலிசிகள் வரம்பிலிருந்து டிடக்டிபிளைக் கழிக்கும், அப்போது 40,500. எந்த வரிசையில் கழிப்பார்கள் என்பது வாசகத்தில் இருக்கும். தொகை பெரிதாக இருக்கும்போது இந்த ஒரு வரி கணிசமான வித்தியாசம் செய்யும்.

மற்ற நால்வரும் பயணம் போவதால் அவர்கள் பெயரில் கிளைம் எதுவும் இல்லை. பாட்டியைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் நின்றுவிட்டால், அவருடைய நஷ்டத்தை அவருடைய காப்பீட்டின் கீழ், ‘நெருங்கிய உறவினர் மருத்துவமனையில்’ என்ற காரணத்தைக் காட்டி, தனியாகக் கேட்க வேண்டும். ஒரே குடும்ப பாலிசியாக இருந்தால் வரம்பு ஆளுக்கா, குடும்பம் முழுமைக்குமா என்று பாருங்கள்.

தாத்தாவும் பாட்டியும் ஓர் அறை. பாட்டி வரவில்லை என்பதால் தாத்தாவிடம் தனியறைக் கட்டணம் கேட்கிறார்கள். அது கிடைக்குமா?

டூர் பேக்கேஜ்களில் இருவர் தங்கும் அறைக்கு ஒரு விலை, ஒருவர் மட்டும் தங்கினால் கூடுதல். அந்தக் கூடுதல் பாட்டியின் நஷ்டம் அல்ல, தாத்தாவுக்குப் புதிதாக வந்த செலவு. இந்தியப் பாலிசிகள் பெரும்பாலும் கட்டி இழந்த தொகையை மட்டுமே பேசுகின்றன. புதுச் செலவையும் தருவதாக வாசகத்தில் எழுதியிருந்தால் மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் டூர் ஆபரேட்டரிடமே பேசுவது பலன் தரும்: பாட்டியிடமிருந்து பிடித்துக்கொண்ட தொகையில் அந்த அறையின் விலையும் அடங்கியிருக்கிறது, அதே அறைக்கு மறுபடி ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

‘நெருங்கிய உறவினர்’ யார் யார்?

நம் வீடுகளில் அதிகம் அடிபடும் இடம் இதுதான். பாலிசியின் ‘விளக்கங்கள்’ பகுதியில் வழக்கமாக இருப்பவர்கள் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தவர்கள். பெரியப்பா, சித்தி, அத்தை, தாய்மாமன் பல பாலிசிகளில் இல்லை. தாத்தா பாட்டி சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. தூக்கி வளர்த்த தாய்மாமன் இறந்து பயணத்தை நிறுத்தினாலும், பட்டியலில் அவர் இல்லையென்றால் கிளைம் நிற்காது. வாங்கும் முன் படிக்க வேண்டிய ஒரே ஒரு பத்தி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

நண்பருடன் போகிறீர்கள், அவர் நின்றுவிட்டார், தனியாகப் போக விருப்பமில்லை என்றால், ‘உடன் பயணிப்பவர்’ பாலிசியில் காரணமாக ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அவர் பெயர் உங்கள் முன்பதிவிலும் இருக்க வேண்டும் என்று சில பாலிசிகள் கேட்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறது. அதனால் நிராகரிப்பார்களா?

பாலிசி வாங்கும் முன்பே இருந்த நோயால் ஏற்பட்ட ரத்து என்றால் பெரும்பாலான திட்டங்கள் தராது. ஆனால் சர்க்கரை உள்ளவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தால் அது வேறு கதை. மறுப்பு எழுத்தில் வரும்போது எந்த நோயை எந்த நிகழ்வோடு இணைக்கிறார்கள் என்று பாருங்கள். தொடர்பே இல்லாத இரண்டை முடிச்சுப் போட்டிருந்தால் மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி மறுபரிசீலனை கேளுங்கள். விண்ணப்பத்தில் நோயை மறைத்திருந்தால் இந்த வாதம் எதுவும் எடுபடாது.

மருத்துவச் சான்றிதழில் மூன்று விஷயம் இருந்தே ஆக வேண்டும்: என்ன நோய், எப்போது தொடங்கியது, இந்தத் தேதியில் விமானப் பயணத்துக்குத் தகுதியில்லை என்ற தெளிவான வாக்கியம். ‘ஓய்வு தேவை’ என்ற சான்றிதழ் நிற்காது. சான்றிதழின் தேதி டிக்கெட் ரத்தான தேதிக்கு முன்னதாகவோ அதே நாளாகவோ இருக்கட்டும். முதலில் ரத்து செய்துவிட்டு நான்கு நாள் கழித்து வாங்கிய சான்றிதழ் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், ஐந்து பேர். ஒருவரை மட்டும் எப்படி எடுப்பது?

இணையத்தில் ‘கேன்சல்’ பொத்தானை அழுத்தும் முன் நிறுத்துங்கள். சில தளங்களில் அது ஐந்து பேரையும் சேர்த்து ரத்து செய்துவிடும். விமான நிறுவனத்தையோ ஏஜென்ட்டையோ அழைத்து, பி.என்.ஆரைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பாட்டிக்கு ஒரு புது எண் வரும். மற்ற நால்வரும் பழைய எண்ணில் தொடர்வார்கள். பிறகு அந்தப் புது எண்ணை மட்டும் ரத்து செய்ய வேண்டும். முடிந்ததும் நால்வரின் இருக்கை, சாப்பாடு, கூடுதல் லக்கேஜ் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்கும்போது இவை உதிர்ந்துபோவதுண்டு.

நபர் அல்ல, ஒரு தடம் மட்டும் வேண்டாம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சென்னை–துபாய்–ஜூரிக் ஒரே டிக்கெட்டாக இருக்கும்போது முதல் தடத்தில் ஏறாமல், துபாயில் ஏறிக்கொள்ளலாம் என்று போனால் இடம் இருக்காது. ஒரு தடத்தில் வரவில்லை என்று பதிவானால் அதற்குப் பின் உள்ள எல்லாத் தடங்களும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, தானாக ரத்தாகிவிடும். அந்த நஷ்டத்தைக் காப்பீடு தராது, ஏனென்றால் அது நீங்களாகத் தவறவிட்டது. ஒரு தடத்தை நீக்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி டிக்கெட்டை மாற்றி எழுத வேண்டும். கட்டண வித்தியாசம் கேட்பார்கள்.

எது ரத்தானாலும் உடனே செய்யுங்கள். நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். 12 நாள் முன்பே தெரிந்தும் 2 நாள் முன்பு ரத்து செய்திருந்தால், முதல் நாளில் ரத்து செய்திருந்தால் எவ்வளவு இழப்போ அதை மட்டுமே நிறுவனம் கணக்கில் எடுக்கும். ‘கிளைம் இருக்கிறதே’ என்று தாமதிப்பவர்கள் அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து இழக்கிறார்கள்.

திரும்பக் கிடைக்காத கட்டணம் என்று எழுதியிருந்தாலும் வரிகளைக் கேட்டு வாங்குங்கள். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி இந்திய விமான நிறுவனங்கள், ரத்தானாலும் பயணி வராவிட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் காப்பீட்டு நிறுவனம் அதைக் கழித்தே கணக்குப் போடும். பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுத்தால் அதையும் திரும்பக் கிடைத்த தொகையாகவே எடுத்துக்கொள்வார்கள். வவுச்சரா பணமா என்பது பயணியின் விருப்பம் என்பதும் அதே விதிகளில் உள்ளது; பணமாகவே கேளுங்கள்.

நடுவில் ஒரு நாடு மட்டும் கழிந்துவிட்டது. அதற்கு?

2024 நவம்பரில் இந்தோனேசியாவின் லெவோடோபி எரிமலைச் சாம்பலால் பாலி விமானங்கள் ரத்தாயின. சென்னை–சிங்கப்பூர்–பாலி–சிங்கப்பூர்–சென்னை என்று திட்டமிட்டவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் வரை வந்தாயிற்று, பாலிக்கு விமானம் இல்லை.

இதில் மூன்று தனித்தனிக் கணக்குகள் உள்ளன. பாலி விமான டிக்கெட் பணத்தை விமான நிறுவனமே தர வேண்டும், ஏனென்றால் ரத்து செய்தது அவர்கள். பாலி ஹோட்டல் பணம் போனால், உங்கள் பாலிசியின் கர்ட்டெயில்மென்ட் பிரிவில் இயற்கைச் சீற்றம் காரணமாக இருந்தால், அங்கே கேட்கலாம். சிங்கப்பூரில் கூடுதலாகத் தங்கிய இரண்டு இரவுகள் விமானத் தாமதப் பிரிவில் வரும். அதில் இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை டாலர் என்று நிலையான தொகை. இம்மூன்றையும் ஒரே படிவத்தில் ‘பாலி பயண ரத்து’ என்று எழுதினால், பயணம் ரத்தாகவில்லையே, நீங்கள் சிங்கப்பூர் போய்வந்தீர்களே என்று பதில் வரும். பிரிவு வாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

எரிமலைச் செய்தி பார்த்துப் பயந்து, பாலிக்கு விமானங்கள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்களாக பாலியை விட்டுவிட்டால் எதுவும் கிடைக்காது.

புயல் அறிவிப்பு வந்த பிறகு பாலிசி வாங்கலாமா?

மற்ற காரணங்களுக்காக வாங்கலாம்; அந்தப் புயலுக்காக வாங்கிப் பலனில்லை. 2023 டிசம்பர் 3 அன்று மிக்ஜாம் புயலாக உருவெடுத்தது. 4 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டு மறுநாள் காலைதான் திறந்தது. நவம்பரில் பாலிசி வாங்கியவருக்கு அது எதிர்பாராத நிகழ்வு. 3 அன்று இரவு வாங்கியவருக்கு அது ஊரறிந்த செய்தி. நவம்பர், டிசம்பரில் சென்னையிலிருந்து கிளம்புவோர் இதை மனதில் வைத்து முன்னதாகவே வாங்க வேண்டும்.

பாதியில் திரும்ப வேண்டியதாகிவிட்டால் எப்படிக் கணக்கிடுவார்கள்?

பயன்படுத்தாத நாட்களின் விகிதப்படி. 10 இரவுக்குத் தங்கலும் சுற்றிப் பார்த்தலும் சேர்த்து 2,00,000 கட்டி, 6 இரவு முடிந்து திரும்பினால், மிச்சம் 4 இரவுக்கு 80,000. அதில் ஹோட்டல் திருப்பித் தந்ததைக் கழிக்க வேண்டும். விலைமிக்க ஹோட்டல் கடைசி நான்கு நாளில்தான் இருந்தது என்றால், நாள்வாரியான பில் இருந்தால் மட்டுமே அந்த உண்மைத் தொகையைக் கேட்க முடியும். மொத்த பேக்கேஜ் பில்லில் விகிதக் கணக்குதான்.

திரும்பி வர எடுத்த புது டிக்கெட்டுக்குச் சாதாரண வகுப்புக் கட்டணம்தான் தருவார்கள், பழைய திரும்பும் டிக்கெட்டுக்குக் கிடைத்த ரீஃபண்டைக் கழித்து. அதனால் புது டிக்கெட் எடுப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து ஒப்புதல் பெறுங்கள். அழைப்புக்கு ஒரு குறிப்பு எண் கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணவர் வெளிநாட்டில் மருத்துவமனையில், மனைவி உடன் தங்கியிருக்கிறார், நண்பர்கள் தொடர்ந்து போகிறார்கள் என்றால், சிகிச்சை கணவரின் மருத்துவப் பிரிவில் வரும். இருவரும் இழந்த சுற்றுலா நாட்கள் அவரவர் கர்ட்டெயில்மென்ட் பிரிவில். நண்பர்களுக்கு இழப்பு இல்லை.

எந்தக் காரணங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது?

மனம் மாறியது, அலுவலகத்தில் லீவு கிடைக்காதது, பிள்ளையின் தேர்வுத் தேதி மாறியது, டூருக்குப் போதிய ஆள் சேராமல் ஆபரேட்டர் கைவிட்டது. விசா மறுப்பு தனியாகச் சேர்த்து வாங்கியிருந்தால் மட்டும். ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் விசா வராதது மிக அடிக்கடி நடப்பதால், அந்தக் கூடுதல் காப்பீடு விலைக்குத் தகுந்ததா என்று யோசிப்பது நல்லது. விமான நிறுவனமே நொடித்துப்போவதும் பல பாலிசிகளில் விலக்கு. 2023 மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது பலர் இதை அறிந்தார்கள்.

விசா கட்டணம், டி.சி.எஸ். வரி?

ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணம் நின்றாலும் திரும்பாது, பெரும்பாலான பாலிசிகள் அதைச் சேர்ப்பதில்லை. டூர் பேக்கேஜில் விற்பவர் முன்கூட்டியே பிடித்த வருமான வரியான டி.சி.எஸ். நஷ்டமே அல்ல. அது உங்கள் பான் எண்ணில் படிவம் 26ஏ.எஸ்.-இல் வரவாகி, வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டப்படும். கிளைமில் சேர்க்காதீர்கள்.

வராதவரின் பிரீமியம் திரும்புமா?

பாலிசி தொடங்கும் தேதிக்கு முன் கேட்டால் பல நிறுவனங்கள் சிறு தொகை பிடித்துக்கொண்டு தரும். தேதி கடந்துவிட்டால், நாட்டைவிட்டுப் போகவில்லை என்று காட்ட பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்க நகலும் கேட்பார்கள். கவனம்: ரத்துக்கான கிளைம் போடப் போகிறவர் பாலிசியை ரத்து செய்யக் கூடாது. பிரீமியத்தைத் திரும்பப் பெற்றபின் கிளைம் கேட்க பாலிசியே இருக்காது.

ரயில் டிக்கெட்டில் சேர்த்து வாங்கும் காப்பீடு?

ஐ.ஆர்.சி.டி.சி.யில் சில காசுக்குக் கிடைப்பது ரயில் விபத்துக்கான காப்பீடு. டிக்கெட் ரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிளைமுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்?

கிளைம் படிவம், பாலிசி ஷெட்யூல், பாஸ்போர்ட் நகல், கட்டிய பணத்துக்கான ரசீதும் வங்கி அல்லது கார்டு அறிக்கையும், கேன்சல் செய்த காசோலை, மருத்துவச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி அல்லது இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆவணம்.

இவற்றைவிட அதிகம் சிக்கல் தருவது ஒன்று: ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக, கட்டியது இவ்வளவு, பிடித்தது இவ்வளவு, திருப்பியது இவ்வளவு என்று காட்டும் ரத்து இன்வாய்ஸ். ஏஜென்ட்கள் ‘மொத்த ரீஃபண்ட் 1,17,000’ என்று ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்புவார்கள். அதை ஏற்காதீர்கள். நபர்வாரியாக லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். ரீஃபண்டே இல்லையென்றால் ‘ரீஃபண்ட் இல்லை’ என்பதையும் ஹோட்டலிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். இதை எளிதாக்க, புக் செய்யும்போதே அறைவாரியாக, ஊர்வாரியாக, ஆள்வாரியாகப் பிரித்த பில் கேட்பது சிறந்தது. பெரியவர்களின் டிக்கெட்டை முதலிலேயே தனி பி.என்.ஆரில் எடுப்பவர்களும் உண்டு. அது நல்ல பழக்கம்தான், நேரமாற்றம் ஏதும் வந்தால் இரண்டு எண்ணையும் கவனிக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் வேலை.

மறுத்துவிட்டார்கள். அடுத்து?

எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ அதே விஷயத்தை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தால் மட்டும் இங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று முடிவு செய்துவிட்டு மனுவை அனுப்புங்கள்.